இமிக்ரேஷன் கவுண்ட்டரில் உட்கார எந்தப் பரீட்சை எழுத வேண்டும்?

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வயது 23, பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறார், ஓ.பி.சி. பிரிவு, அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்: "சார், அக்கா பிரசவத்துக்காக அம்மாவோட சிங்கப்பூர் போனேன். திருச்சி ஏர்போர்ட் இமிக்ரேஷன் கவுண்ட்டர்ல ஒரு மேடம் இருந்தாங்க. அம்மா பயந்து பயந்து பதில் சொன்னதைப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே தமிழ்லயே பேசி அனுப்பி வச்சாங்க. அவங்க மாதிரி ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். இதுக்கு என்ன பரீட்சை? இங்க ஒரு இன்ஸ்டிட்யூட்ல இமிக்ரேஷன் டிப்ளமோ ஆறு மாசம், 85 ஆயிரம், முடிச்சா ஏர்போர்ட்ல நேரடி வேலைன்னு சொல்றாங்க. அப்பா பணம் அனுப்பறேன்னு சொல்லிட்டார். சேரலாமா? பெண்களுக்கு இது சரியா வருமா? திருச்சியிலேயே போஸ்டிங் கிடைக்குமா? என் இங்கிலீஷ் சுமார்தான்."

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். கட்டாதீர்கள். இந்தியாவில் எந்த விமான நிலையத்திலும் இமிக்ரேஷன் அதிகாரி வேலைக்கு எந்தத் தனியார் டிப்ளமோவும் வழி கிடையாது. அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் மத்திய அரசு ஊழியர், அரசு முத்திரையோடு ஒருவரை நாட்டுக்குள் விடவும் வெளியே அனுப்பவும் அதிகாரம் பெற்றவர். அந்த நாற்காலிக்கு ஒரு இன்ஸ்டிட்யூட் ஆள் எடுத்துத் தர முடியாது. அந்தப் படிப்பில் விசா விண்ணப்பம் நிரப்புவது, டிக்கெட் போடுவது போன்றவை சொல்லிக்கொடுக்கலாம், விசா ஏஜென்சியில் வேலை தேட அது உதவவும் செய்யலாம். நீங்கள் கேட்கும் வேலைக்கு அது உதவாது. மஸ்கட் வெயிலில் சம்பாதித்த பணம் அது. அப்பாவிடம் இன்றைக்கே பேசி, அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையான தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அதற்கு மேல் யார் கேட்டாலும், "உள்ளே ஆள் இருக்கு" என்று யார் சொன்னாலும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, உண்மையான வழி என்ன? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் "இமிக்ரேஷன் ஆபீசர்" என்ற பெயரில் ஒரு தனித்தேர்வே கிடையாது. விமான நிலையத்தில் நாம் பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே துறையும் இல்லை. வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பதும் உடல் சோதனை செய்வதும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். பெட்டியை வாங்கி போர்டிங் பாஸ் கொடுப்பது விமான நிறுவனம். வந்து இறங்கியதும் தங்கம் இருக்கிறதா, டி.வி. இருக்கிறதா என்று கேட்பது கஸ்டம்ஸ், அது நிதி அமைச்சகம். பாஸ்போர்ட்டை அச்சடித்துக் கொடுக்கும் அலுவலகம் வெளியுறவு அமைச்சகம். நடுவில் பாஸ்போர்ட்டை வாங்கி, முகத்தைப் பார்த்து, முத்திரை குத்துகிறார்களே, அவர்கள் மட்டும்தான் இமிக்ரேஷன். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பீரோ ஆஃப் இமிக்ரேஷன். இதற்குப் பெரும்பாலும் ஆள் கொடுப்பது ஐ.பி. என்று சொல்கிற இன்டெலிஜென்ஸ் பீரோ. அதாவது நீங்கள் பார்த்த அந்த மேடம் பெரும்பாலும் மத்திய உளவுத்துறையில் சேர்ந்து, அங்கிருந்து இமிக்ரேஷனுக்கு அனுப்பப்பட்டவராக இருப்பார். மாநில போலீஸ், மத்தியப் படைகளிலிருந்து அயல்பணியில், அதாவது டெபுடேஷனில், வருகிறவர்களும் உண்டு.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான பதில் இதில்தான் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கப் போவது உளவுத்துறை வேலைக்கு. அதில் இமிக்ரேஷன் ஒரு பகுதி. சேர்ந்ததும் கவுண்ட்டர் கிடைக்கலாம், நாலு வருஷம் கழித்துக் கிடைக்கலாம், கிடைக்காமலே வடகிழக்கில் ஒரு எல்லை மாவட்டத்தில் அலுவலகப் பணியில் இருக்கலாம். இந்தியா முழுக்க எங்கே மாற்றினாலும் போக வேண்டும் என்பது நியமன விதியிலேயே இருக்கிறது. "கவுண்ட்டர் மட்டும்தான் வேண்டும், திருச்சி மட்டும்தான் வேண்டும்" என்ற மனநிலையோடு சேர்ந்தால் முதல் இரண்டு வருஷத்திலேயே மனசு வெறுத்துவிடும். நாட்டின் பாதுகாப்பு சார்ந்த வேலை முழுவதுமே பிடித்திருக்கிறது, அதில் இமிக்ரேஷன் கிடைத்தால் கூடுதல் சந்தோஷம் என்று நினைக்க முடிந்தால் தாராளமாக வாருங்கள்.

பட்டதாரிகளுக்கான வாசல் ஐ.பி.யின் ஏ.சி.ஐ.ஓ. (அசிஸ்டென்ட் சென்ட்ரல் இன்டெலிஜென்ஸ் ஆபீசர்) கிரேடு 2 எக்ஸிக்யூட்டிவ் தேர்வு. எந்தப் பட்டமாக இருந்தாலும் போதும், உங்கள் பி.ஏ. வரலாறு தாராளமாகப் போதும். வயது 18 முதல் 27, ஓ.பி.சி.க்கு 3 வருஷம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷம் தளர்வு. உங்களுக்கு 30 வரை நேரம் இருக்கிறது. ஆனால் இந்த அறிவிப்பு வருஷாவருஷம் வராது என்பதை மறந்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில் 2,000 இடங்களுக்கு வந்தது, அப்புறம் 2023 நவம்பரில் 995, அதற்குப் பிறகு 2025 ஜூலையில் 3,717. ஆகவே வயதை மட்டும் கணக்குப் பார்த்தால் ஏழு வருஷம் இருக்கிறது போலத் தோன்றினாலும், கையில் கிடைக்கப்போவது இரண்டோ மூன்றோ வாய்ப்புகள்தான். அறிவிப்பு வந்த பிறகு படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு நேரம் போதாது.

முதல் கட்டம் 100 கேள்வி, ஒரு மணி நேரம், நடப்பு நிகழ்வுகள், பொது அறிவு, கணக்கு, ரீசனிங், ஆங்கிலம் என்று ஐந்து பகுதிக்கும் தலா 20. ஒரு தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான பாணிதான், நான் இதில் அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது கட்டம்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம். 50 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு, ஆங்கிலத்தில் கட்டுரை, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, சமூக, பொருளாதார, அரசியல் விஷயங்களில் நீண்ட விடை. அப்புறம் நேர்முகத்தேர்வு, 100 மதிப்பெண். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 250இல் 150 மதிப்பெண் நீங்கள் எழுதுவதிலும் பேசுவதிலும் இருக்கிறது. ஆனால் பயிற்சி மையங்களில், என் வகுப்பையும் சேர்த்தேதான் சொல்கிறேன், பெரும்பாலான நேரம் கணக்கிலும் ரீசனிங்கிலுமே போகிறது. மாணவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். கட்டுரை எழுதுங்கள் என்றால் வகுப்பில் பாதிப் பேர் வருவதில்லை. உங்கள் இங்கிலீஷ் சுமார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் உங்களுக்கு நான் சொல்வது தினமும் ஒரு பக்கம். ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு தலையங்கம் படித்து, மூடி வைத்துவிட்டு, அதில் சொன்னதை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். சின்ன வாக்கியமாக, தப்பில்லாமல். அலங்கார ஆங்கிலம் அங்கே யாருக்கும் வேண்டாம். தெளிவாக ஒரு அறிக்கை எழுதத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள், ஏனென்றால் வேலையில் சேர்ந்தபின் நீங்கள் எழுதப்போவதே அறிக்கைகள்தான்.

இதற்குக் கீழே இன்னொரு வாசலும் இருக்கிறது, செக்யூரிட்டி அசிஸ்டென்ட் எக்ஸிக்யூட்டிவ். பத்தாம் வகுப்பு போதும். 2025இல் 4,987 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இதில் நமக்கு ஒரு அனுகூலம், விண்ணப்பிக்கும் மாநிலத்தின் இருப்பிடச் சான்றும் அந்த ஊர் மொழி அறிவும் கட்டாயம். இரண்டாம் கட்டத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். சம்பளம் லெவல் 3, அடிப்படை 21,700. ஏ.சி.ஐ.ஓ.வுக்கு லெவல் 7, அடிப்படை 44,900. இரண்டிலுமே அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் சிறப்புப் பாதுகாப்புப் படி உண்டு. பட்டதாரி என்பதால் கௌரவம் பார்க்காமல் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள் என்பது என் கருத்து. உள்ளே நுழைந்து மூன்று வருஷம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், துறை ஊழியர் என்ற முறையில் ஏ.சி.ஐ.ஓ. தேர்வில் 40 வயது வரை தளர்வு கிடைக்கும்.

பெண்களுக்குச் சரியாக வருமா என்று கேட்டீர்கள். இரண்டு தேர்விலும் உயர அளவோ ஓட்டமோ கிடையாது, மருத்துவப் பரிசோதனை மட்டும்தான். வேலையில் ஷிப்ட் உண்டு, இரவுப் பணி நிச்சயம் உண்டு. திருச்சி, சென்னை போன்ற இடங்களில் நடுராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா விமானங்கள் வந்துபோகும். பொங்கல், தீபாவளியன்று கூட்டம் அதிகம், அன்றைக்கு லீவு கேட்டால் கிடைப்பது கஷ்டம். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் பேசிவிடுங்கள். இதைச் சொன்னால் சில அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: தேர்வில் ஜெயித்த பிறகு வீட்டில் விடவில்லை என்று அழுதபடி வந்து நின்ற மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட வருத்தமானது இந்தத் தொழிலில் எனக்கு வேறில்லை.

கவுண்ட்டரில் பெண்கள் இருப்பது எவ்வளவு அவசியம் என்று உங்கள் அம்மாவைக் கேட்டாலே தெரியும். ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் பிரிவில் வரும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு ஓமான், குவைத், சவுதி, மலேசியா என 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். 30 வயதுக்குக் குறைந்த பெண்களை வீட்டு வேலைக்கு அப்படி அனுப்பவே கூடாது. ஏஜென்ட் என்ன செய்கிறான்? விசிட் விசா எடுத்துக் கையில் கொடுத்து, "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்புகிறான். கவுண்ட்டரில் அந்தப் பெண் வந்து நிற்கிறார். தங்கச்சி பெயர் கேட்டால் சொல்கிறார். வீடு எந்த ஊர் என்றால் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்க்கிறார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்றால் பின்னால் வரிசையில் நிற்கும் ஒரு ஆளைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தத் திரும்பிப் பார்த்தலைக் கவனிக்கத் தெரிந்தவர்தான் இமிக்ரேஷன் அதிகாரி. ஆவணம் எல்லாம் சரியாக இருக்கும், இயந்திரம் பச்சை விளக்கு காட்டும். அதிகாரி அதட்டினால் அந்தப் பெண் இன்னும் பயந்து ஏஜென்ட் சொல்லிக்கொடுத்ததையே ஒப்பிப்பார், கனிவாக இரண்டு வார்த்தை பேசினால் உண்மையைச் சொல்லிவிடுவார். தாய்லாந்துக்கு டேட்டா என்ட்ரி வேலை என்று போய், எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட நம் பையன்களும் இப்படி ஏதோ ஒரு கவுண்ட்டரைக் கடந்துதான் போனார்கள். உங்கள் வேலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சந்தேகப்படுவதே வேலையாகிவிட்டால் ஒன்றும் அறியாதவர்களைக் கஷ்டப்படுத்துவோம். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர்களில் நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருக்கும், அல்லது அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும், விசாவில் அது தலைகீழாக வந்திருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியபோது இங்கே எத்தனை பேர் தவித்தார்கள் என்பது உங்கள் ஊரிலேயே கேட்டால் தெரியும். இது மோசடியா, நம் வழக்கமா என்று பார்த்தவுடன் சொல்ல, இந்த ஊரில் வளர்ந்தவரால் முடியும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தகுதி அது, நேர்முகத்தேர்வில் தைரியமாகச் சொல்லுங்கள்.

அதேபோல எல்லாம் அதிகாரியின் கையில் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்க லுக் அவுட் நோட்டீஸ் என்று செய்தியில் வருகிறதே, அதைக் கேட்பது போலீஸ், சி.பி.ஐ., அமலாக்கத்துறை போன்றவை. கணினியில் பெயர் வந்தால் கவுண்ட்டரில் இருப்பவர் நிறுத்தி வைத்து உரியவர்களுக்குத் தகவல் சொல்வார், அவ்வளவுதான். எதிரே நிற்பவர் கோடீஸ்வரராக இருந்தாலும், அழுதுகொண்டிருக்கும் பக்கத்து ஊர்க்காரராக இருந்தாலும் தானாக விட்டுவிட முடியாது.

சட்டப் பக்கம் ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் 1946 வெளிநாட்டவர் சட்டம், 1920 பாஸ்போர்ட் சட்டம் என்றுதான் இருக்கும். அவையும் 1939, 2000 ஆண்டுச் சட்டங்களும் சேர்த்து நான்கும் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 வந்துவிட்டது, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. போலி பாஸ்போர்ட் அல்லது போலி விசா பயன்படுத்தினால் இரண்டு முதல் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை அபராதம். பீரோ ஆஃப் இமிக்ரேஷனுக்கே இந்தச் சட்டத்தில்தான் தனியாக ஒரு பிரிவு போட்டிருக்கிறார்கள். இதையொட்டி வந்த விலக்கு ஆணையில் 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பற்றி இருக்கிறது. மண்டபம் அகதிகள் முகாமுக்கும் உங்கள் ஊருக்கும் அதிக தூரமில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒருவர் இதைத் தெரியாமல் நேர்முகத்தேர்வில் உட்காரக்கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலும் அப்படித்தான், 2023 அக்டோபரில் தொடங்கி நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. இமிக்ரேஷன் என்றால் விமான நிலையம் மட்டும் இல்லை, துறைமுகமும் தரைவழி எல்லையும் சேர்த்துத்தான்.

இ-கேட் என்கிற தானியங்கி வாயில் வந்துவிட்டால் ஆளே தேவைப்படாதே என்று சிலர் உங்களைக் குழப்பலாம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கிய விரைவு இமிக்ரேஷன் திட்டம் 2025 செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. முன்பே பதிவு செய்து சரிபார்க்கப்பட்ட இந்தியர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் அதில் போகலாம். நான் இதை நல்லதாகவே பார்க்கிறேன். சிக்கலில்லாதவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டால், நிதானமாகப் பேசிப் பார்க்க வேண்டியவர்களுக்குக் கவுண்ட்டரில் நேரம் கிடைக்கும்.

சான்றிதழ் சரிபார்ப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. தேர்வானதும் ஒரு படிவம் கொடுப்பார்கள், உங்கள் மீது வழக்கு உண்டா என்று கேட்டிருக்கும். கல்லூரிப் போராட்டத்தில் ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தாலும், விடுதலை ஆகியிருந்தாலும் எழுதிவிடுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்தது தெரிந்தால் வேலையையே ரத்து செய்யலாம், சின்ன வழக்காக இருந்தால் துறை மன்னிக்கவும் செய்யலாம். ஏற்கெனவே நடந்ததை மாற்ற முடியாது, மறைக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இதே வேலை பார்க்க முடியுமா என்று வேறு சிலரும் கேட்கிறார்கள். எல்லைக் கவுண்ட்டரில் பொதுவாக எந்த நாடும் தன் குடிமக்களைத்தான் வைக்கும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த மேடத்தைத் தேடிப்போய் விவரம் கேட்கலாமா என்று கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. வேண்டாம். பணியில் இருப்பவர்கள் பேசக்கூடாது. ஓய்வு பெற்றவர்கள்கூட, 2021இல் வந்த ஓய்வூதிய விதித் திருத்தப்படி, உளவு அமைப்பின் வேலை பற்றி அனுமதி இல்லாமல் எதையும் வெளியிட முடியாது. அதனால் யூடியூபில் "நான் ஐ.பி.யில் இருந்தேன், ரகசியம் சொல்கிறேன்" என்று வருகிறவர்களை நம்பி நேரத்தைச் செலவிட வேண்டாம். அறிவிப்புகளை உள்துறை அமைச்சக இணையதளத்தில் மட்டும் பாருங்கள். காத்திருக்கும் காலத்தில் எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வை எழுதுங்கள், பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், கஸ்டம்ஸில் கடத்தலைத் தடுக்கும் பிரிவென்டிவ் ஆபீசர் வேலை அதில் வருகிறது. விமான நிலைய வேலைதான் உங்களை இழுக்கிறது என்றால் அதுவும் நல்ல வேலைதான்.

இந்த வாரம் ஒரு கட்டுரை எழுதுங்கள், ஆங்கிலத்தில் 300 வார்த்தை. தலைப்பு, விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவர்களைத் தடுப்பது எப்படி. உங்கள் ஊரில் தெரிந்த கதைகள் இருக்கும், அதை வைத்தே எழுதலாம். தப்பைப் பற்றிக் கவலைப்படாமல் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.